எல்லாம் தெரியும், தூங்கத்தான் தெரியாது: ஒரு லேப்டாப்போடு 18 மாதம்

பெயரைச் சொல்லாமல் ஒரு லேப்டாப்புக்கு மதிப்புரை எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் கீழே நான் சொல்லப்போகும் குறைகள் ஒரே ஒரு நிறுவனத்தின் சொத்து இல்லை. கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் உள்நிரலான பயாஸின் அடிப்படை நிரலை எழுதி விற்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அதை வாங்கி, தங்கள் பங்குக்கு ஒட்டுப்போட்டுத்தான் ஏகப்பட்ட நிறுவனங்கள் பெட்டியை மூடுகின்றன. ஆகவே 14 அங்குலத் திரை, இன்டெல் செயலி, 16 ஜிபி நினைவகம், வாங்கிய அன்றே லினக்ஸ் இயங்குதளம் போட்டது என்பதோடு அறிமுகத்தை முடித்துக்கொள்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். கீபோர்டு அருமை, நாள் முழுக்கத் தட்டினாலும் விரல் வலிக்கவில்லை. திரை கண்ணைக் கூச வைக்காது. விசிறி ஓடுவதே தெரியாது. ஸ்பீக்கர் சுமார். வெப் கேமரா இருக்கிறது, அவ்வளவுதான். கீல் மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டிய ஒன்று: ஒரு விரலால் மூடியைத் தூக்கலாம், அடிப்பாகம் கூடவே எழும்பி வராது, எந்தச் சாய்வில் விட்டாலும் அங்கேயே நிற்கும். இவ்வளவு நல்ல மூடியை வைத்துவிட்டு, அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று லேப்டாப்புக்கே தெரியாமல் விட்டிருக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

என் பிழைப்பு ஆர்ம் செயலி வைத்த சின்னச் சின்ன போர்டுகளுக்குக் கர்னல் டிரைவர் எழுதுவது, அதாவது லினக்ஸின் மையமான கர்னலுக்கு ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கக் கற்றுத்தரும் நிரல். அங்கே வன்பொருளின் அமைப்பை டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் நாங்களே எழுதிக்கொள்வோம். தப்பு இருந்தால் தப்பு எங்களுடையது, அரை மணியில் திருத்திவிடலாம். லேப்டாப் உலகம் வேறு. அங்கே அமைப்பைச் சொல்வது ஏசிபிஐ. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் சேர்ந்து வெளியிட்ட விதிமுறை அது. 2013இல், பயாஸுக்கான விதிமுறைகளை வகுக்கும் யூஇஎஃப்ஐ அமைப்பின் கைக்குப் போனது. அதன் அட்டவணைகள் பயாஸுக்குள் இருக்கின்றன. அவற்றில் வெறும் தகவல் மட்டும் இல்லை, நிரலும் இருக்கிறது. யாரோ எழுதிய அந்த நிரலைக் கர்னல் தனக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பி மூலம் ஓட்டியாக வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது அவரவர் மனசாட்சி.

வாங்கிய முதல் வாரம். ராத்திரி 92 சதவீத பேட்டரியோடு மூடிப் பைக்குள் வைத்தேன். காலையில் பையைத் தொட்டால் இஸ்திரி போட்டு வைத்தது போலச் சூடு. பேட்டரி 38.

பழைய லேப்டாப்புகள் எஸ்3 என்ற முறையில் தூங்கின. நினைவகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம், மற்றதெல்லாம் அணைப்பு. விழிக்கும்போது முதலில் ஃபர்ம்வேர், அதாவது பயாஸும் அதைச் சார்ந்த உள்நிரலும், எழுந்து, பிறகு கர்னலைத் தட்டி எழுப்பும். இப்போது வரும் பல லேப்டாப்புகளில் அந்த முறையே கிடையாது. பதிலுக்கு வந்திருப்பது, லினக்ஸ் எஸ்2ஐடில் என்று அழைக்கும் முறை. இதில் கணினி அணைவதே இல்லை. ஒவ்வொரு சாதனமும் தானாக அடங்க வேண்டும், செயலியும் அடங்க வேண்டும், எல்லாம் அடங்கினால் சில்லு எஸ்0ஐஎக்ஸ் என்ற ஆழத்துக்கு இறங்கும். வீட்டில் கடைசி ஆள் படுத்த பிறகுதான் விளக்கை அணைப்பேன் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பது போல. ஒரே ஒரு சாதனம் விழித்திருந்தால் போதும், விடிய விடிய விளக்கு எரியும்.

என் லேப்டாப்பில் கர்னல் தொடங்கும்போது எழுதும் குறிப்புகளில், எஸ்0 (விழிப்பு), எஸ்4 (நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது), எஸ்5 (முழு அணைப்பு) ஆகிய நிலைகள் உண்டு என்று ஒரு வரி வந்தது. எஸ்3 அந்த வரியில் இல்லை. கர்னல் தன் நிலையைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் பவர் என்ற பகுதிக்குள் 'மெம் ஸ்லீப்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் எஸ்2ஐடில் என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது, பக்கத்தில் எஸ்3ஐக் குறிக்கும் 'டீப்' இல்லை. சில நிறுவனங்கள் பயாஸ் அமைப்பிலேயே எந்தத் தூக்கம் வேண்டும் என்று கேட்கும். இதில் அந்தத் தேர்வும் இல்லை. கர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் பூட் வரியில் 'டீப்' என்று எழுதிப் பார்க்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருகிறார்கள். ஃபர்ம்வேர் தராததைக் கர்னல் எங்கிருந்து கொண்டுவரும்?

சரி, எஸ்0ஐஎக்ஸ் ஆழத்துக்காவது போகிறதா என்று பார்த்தேன். இன்டெல் சில்லுகளில் இதற்கு நேரடியாக ஒரு கணக்கு இருக்கிறது. கர்னலின் பிஎம்சி கோர் டிரைவர், அந்த ஆழத்தில் எத்தனை மைக்ரோவினாடி கழிந்தது என்று ஒரு கோப்பில் காட்டும். தூங்குவதற்கு முன் பார்த்தேன், பூஜ்யம். ஒரு மணி நேரம் தூங்க வைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் பூஜ்யம். கண்ணை மூடிப் படுத்திருந்ததே தவிர, தூங்கவே இல்லை.

யார் விழித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவும் அதே டிரைவர் உதவும். ஒவ்வொரு சாதனமும் 'எனக்குப் பதில் வர இவ்வளவு நேரம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன்' என்று சில்லுக்குச் சொல்லி வைக்கும். யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது ஒரு பட்டியலாக வரும். அதில் எஸ்டி கார்டு ரீடர் மாட்டியிருக்கும் இணைப்பு மட்டும், கொஞ்சமும் பொறுக்க மாட்டேன் என்று நின்றது. அதற்குள் கார்டே இல்லை! பயாஸ் அமைப்பில் கார்டு ரீடரை அணைத்தேன். அன்று ராத்திரி 92இல் விட்டது, காலையில் 87. பை சில்லென்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து எல்விஎஃப்எஸ் வழியாக ஒரு பயாஸ் புதுப்பிப்பு வந்தது. லினக்ஸிலிருந்தபடியே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க உதவும் சேவை அது. இதில் பங்கெடுத்ததற்காக அந்த நிறுவனத்துக்கு ஒரு கும்பிடு. புதுப்பிப்போடு வந்த குறிப்பில் 'கணினியின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டுவிட்டுக் கார்டு ரீடரைத் திரும்ப இயக்கினேன், தூக்கம் கெடவில்லை. எதைத் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்?

இனி மூடி விவகாரம். இதைத்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கவனித்தது என் மகள். மூடியைத் திறந்தால் லேப்டாப் விழிக்காது, பவர் பொத்தானை அழுத்த வேண்டும். அது பரவாயில்லை, எரிச்சல்தான், பழகிக்கொள்ளலாம். ஆனால் பொத்தானை அழுத்தி எழுப்பி, கடவுச்சொல் போட்டு, ஒரு பக்கத்தைப் படிக்க ஆரம்பிக்கும்போது திரை கறுத்துவிடும். "அம்மா, இது மறுபடி தூங்கிடுச்சு" என்று அறையிலிருந்து குரல் வரும். மறுபடி பொத்தானை அழுத்தினால் எழும். கொஞ்ச நேரத்தில் மறுபடி தூங்கும். அலாரத்தை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளும் பிள்ளையை எழுப்புவது போல ஆகிவிட்டது.

பதிவேட்டைப் பார்த்தேன். விழித்த நேரத்துக்கும் மறுபடி தூங்கிய நேரத்துக்கும் இடையே ஒவ்வொரு முறையும் 30 வினாடி. 28 இல்லை, 33 இல்லை, 30தான். இப்படிக் கச்சிதமான எண்ணைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வன்பொருள் இவ்வளவு ஒழுங்காகப் பழுதாகாது. இதை யாரோ ஒரு மனிதர் எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். தேடினால், லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில், மூடியைக் கவனித்துத் தூங்க வைக்கும் லாகின்டி என்ற பகுதியின் அமைப்புகளில் அது இருந்தது. கணினி விழித்த கையோடு மூடி மூடியிருப்பதாகத் தெரிந்தால் உடனே தூங்க வைக்காமல் 30 வினாடி பொறுத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதை 60 என்று மாற்றிப் போட்டேன். லேப்டாப் சமர்த்தாக 60ஆவது வினாடியில் தூங்கியது. பிறகு 30க்கே திருப்பிவிட்டேன்.

ஆக, லாகின்டி மேல் தப்பில்லை. மூடி மூடியிருக்கிறது என்று அதற்கு யாரோ பொய் சொல்கிறார்கள். ப்ராக் கோப்பகத்துக்குள் ஏசிபிஐ, பட்டன், லிட் என்று இறங்கிப் போனால் மூடியின் நிலையைச் சொல்லும் குட்டிக் கோப்பு ஒன்று இருக்கிறது. விரியத் திறந்த மூடிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தேன். 'மூடியிருக்கிறது' என்றது.

அடுத்து ஏசிபிஐடம்ப் கருவியால் அட்டவணைகளை எடுத்து, ஐஏஎஸ்எல் கருவியால் படிக்கும்படி பிரித்துப் போட்டேன். முப்பதாயிரம் வரிக்கு மேல் வந்தது. ஏசிபிஐயில் எந்தப் பெயரும் நான்கு எழுத்தைத் தாண்டக் கூடாது. அதனால் அந்த நிரலைப் படிப்பது வாகன எண் பலகைகளை வரிசையாகப் படிப்பது போல இருக்கும். நடுவே வேடிக்கைகளும் உண்டு. கணினியில் ஓடுவது எந்த இயங்குதளம் என்று ஃபர்ம்வேர் கேட்கும். 'விண்டோஸ் 2015 தெரியுமா' என்று அது கேட்டால் லினக்ஸ் தெரியும் என்று தலையாட்டும். 'லினக்ஸ் தெரியுமா' என்று கேட்டால் தெரியாது என்று சொல்லும்! ஏமாற்றுவதற்காக இல்லை. ஃபர்ம்வேரில் நன்றாகச் சோதிக்கப்பட்ட பாதை விண்டோஸுக்கான பாதை மட்டும்தான் என்று கர்னல்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள், அதனால் இந்த ஏற்பாடு. பதில் கிடைத்ததும் ஃபர்ம்வேர் ஒரு மாறியில் 7டிஎஃப் என்று எழுதி வைத்துக்கொள்ளும். அது பதினாறடிமானத்தில் 2015.

மூடியின் நிலையைச் சொல்லும் செயல்முறை ஒரே வரி. நான்கெழுத்து மாறி ஒன்றில் இருக்கும் மதிப்பை அப்படியே திருப்பித் தருகிறது. உணரியைப் போய்ப் பார்ப்பதே இல்லை. அந்த மாறியில் எழுதுவது யார்? மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. கீபோர்டு, விசிறி, பேட்டரி, மூடி எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வது அதுதான். மூடி அசைந்தால் அது கர்னலுக்கு ஒரு சமிக்ஞை தரும், கர்னல் அதற்கென்று ஃபர்ம்வேரில் இருக்கும் செயல்முறையை ஓட்டும், அந்தச் செயல்முறை மாறியைத் திருத்திவிட்டு மூடியின் நிலை மாறியது என்று அறிவிக்கும். அந்தச் செயல்முறையில்தான் பிடிபட்டது. மாறியைத் திருத்தும் வரியைச் சுற்றி ஒரு நிபந்தனை: திரை அணைந்திருக்கிறது என்ற குறி போட்டிருந்தால் திருத்தாதே.

குறியைப் போடுவதும் எடுப்பதும் வேறொரு இடம். எஸ்2ஐடில் தூக்கத்துக்குப் போகும்போது இயங்குதளம் ஃபர்ம்வேரைக் கூப்பிட்டு 'திரையை அணைத்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். விழிக்கும்போது 'திரையைப் போட்டுவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். லினக்ஸ் இரண்டையும் ஒழுங்காகச் சொல்கிறது. சிக்கல் வரிசையில். தூக்கத்தின் நடுவே எம்பெடட் கன்ட்ரோலரிடமிருந்து சமிக்ஞை வந்தால், அது விழிக்கத் தக்க விஷயமா என்று பார்ப்பதற்காகக் கர்னல் அந்தச் செயல்முறையை உடனே, தூக்க வளையத்துக்குள்ளிருந்தபடியே ஓட்டுகிறது. 'திரையைப் போட்டுவிட்டேன்' என்ற அழைப்பு அதற்குப் பிறகுதான் போகும். ஆகவே மூடி திறந்த சமிக்ஞை வந்து சேரும்போது குறி இன்னும் போட்டபடியே இருக்கிறது. மாறி திருத்தப்படவில்லை. மூடி மாறியது என்ற அறிவிப்பு மட்டும் வருகிறது. கர்னல் போய்ப் பார்த்தால் 'மூடியிருக்கிறது' என்று பதில். மூடிய மூடிக்காக எதற்கு விழிப்பானேன் என்று திரும்பப் படுத்துக்கொள்கிறது. நான் பவர் பொத்தானை அழுத்தி எழுப்புகிறேன். மாறியில் பழைய பொய் அப்படியே கிடக்கிறது. 30 வினாடி ஓடுகிறது.

ஒரே நிபந்தனை, இரண்டு தொல்லைக்கும் காரணம். அதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு அந்த நிரலை எழுதியவர் மேல் கோபம்கூட வரவில்லை. திரை அணையும் நேரத்தில் மூடி உணரி தப்பாகத் துடித்த ஏதோ ஒரு மாதிரி வன்பொருளுக்காக அவசரமாகப் போட்ட ஒட்டாக இருக்கும் என்று என் ஊகம். நானும் அப்படி நிறையப் போட்டிருக்கிறேன்.

ஃபர்ம்வேரை நான் திருத்த முடியாது. அட்டவணையைத் திருத்தி எழுதி, பூட் ஆகும்போது பழையதற்குப் பதிலாக ஏற்ற ஒரு வழி உண்டு. ஆனால் அது என் கணினிக்கு மட்டும்தான், அடுத்த பயாஸ் புதுப்பிப்பில் எல்லாம் பொருந்தாமல் போகும். கர்னலில் ஏசிபிஐ பட்டன் டிரைவருக்கு ஓர் அமைப்பு இருக்கிறது: விழித்ததும் மூடி திறந்திருப்பதாகவே எடுத்துக்கொள். பூட் வரியில் அதைப் போட்டுப் பார்த்தேன். 30 வினாடி தாண்டியது, 40 தாண்டியது, தூங்கவில்லை. மூடினால் ஒழுங்காகத் தூங்கியது, ஏனென்றால் விழித்திருக்கும்போது குறி இல்லை, மூடும் சமிக்ஞை சரியாகவே வேலை செய்கிறது.

அதே டிரைவருக்குள் இப்படிப் பொய் சொல்லும் கணினிகளின் பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள். ஒரு டேப்லெட்டின் பெயருக்கு மேலே, இதன் மூடி நிலை எதனோடும் இணைக்காமல் மிதக்கும் ஒரு முனையைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்ற பொருளில் ஒரு குறிப்பு. காற்றைக் கேட்டு ஜோசியம் சொல்லியிருக்கிறார்கள்! அந்தப் பட்டியலில் நிறுவனப் பெயர், மாதிரிப் பெயர் இரண்டையும் பொருத்தி ஒன்பது வரி சேர்த்து அனுப்பினேன். பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால் மட்டும் பொருந்தும்படி எழுதியிருந்தேன். கர்னல் தரப்பில் அதைப் பார்த்தவர் இரண்டு கேள்வி கேட்டார். புதிய பயாஸிலும் இது இருக்கிறதா? இருக்கிறது. பெயருக்கு அவ்வளவு கண்டிப்பு எதற்கு, அந்தச் சொல் உள்ளே இருந்தால் போதுமே? எனக்கு அரைமனதுதான், மாற்றிக் கொடுத்தேன். இந்த அரைமனது விஷயத்துக்குத் திரும்ப வருவேன். ஒன்பது வரிக்கு ஐந்து வாரம் பிடித்தது என்று என் வீட்டில் இன்னும் கேலி ஓடுகிறது.

மூன்றாவது குறை இன்னும் தீரவில்லை. எப்போதாவது ஒரு முறை, விழிக்கும்போது கறுப்புத் திரையோடு அப்படியே உறைந்துவிடும். பவர் பொத்தானைப் பிடித்து அழுத்தி அணைப்பதைத் தவிர வழியில்லை. பதிவேட்டில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அந்த நேரத்தில் டிஸ்க் இன்னும் எழுந்திருக்காது, எழுத இடமில்லை. குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் ஆர்டிசிவேக் கருவியை ஒரு சுழற்சியில் போட்டு, 20 வினாடி தூக்கம், 10 வினாடி விழிப்பு என்று ராத்திரி முழுக்க ஓட்டினேன். முப்பது நாற்பது முறைக்கு ஒரு தரம் மாட்டியது.

இதற்குக் கர்னலில் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது, பெயர் பிஎம் ட்ரேஸ். உறைந்த கணினியை அணைத்துப் போட்டால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் போய்விடும். பிழைத்திருப்பது கடிகாரச் சில்லு மட்டும். ஆகவே கர்னல் விழித்துக்கொண்டே போகும்போது, தான் எந்தச் சாதனத்தில் நிற்கிறது என்பதை ஓர் எண்ணாக்கி, அதைத் தேதி, நேரமாகக் கடிகாரத்தில் எழுதிக்கொண்டே போகும். ஆண்டு 100, மாதம் 12, நாள் 28, மணி 24, மூன்று மூன்று நிமிடமாக 20 என்று பெருக்கினால் சுமார் 1 கோடியே 61 லட்சம் எண்கள் அதில் அடங்கும். அடுத்த முறை பூட் ஆகும்போது கடிகாரத்தைப் படித்து, இந்தச் சாதனத்தோடு பொருந்துகிறது என்று கர்னல் சொல்லும். இதை யோசித்தவரை நேரில் பார்த்தால் கை கொடுக்க வேண்டும். என்ன, பக்கவிளைவாக உங்கள் லேப்டாப் ஏதோ ஒரு நூற்றாண்டின் ஏதோ ஒரு மாதத்தில் எழுந்திருக்கும். உலாவி எந்தத் தளத்தின் சான்றிதழையும் நம்பாது. நிரல்களைத் தொகுக்கும் மேக் கருவி, உன் கோப்புகள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை என்று புலம்பும்.

பிஎம் ட்ரேஸைப் போட்டு 300 முறை தூங்க வைத்தேன். ஒரு முறைகூட உறையவில்லை. எடுத்ததும் 27ஆவது முறையில் உறைந்தது. பேயோட்டுபவர் வந்தால் மட்டும் பேய் அடங்கிவிடுகிறது என்பார்களே, அந்த மாதிரி. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கர்னல் நிரலில் அந்த ஒரு வரியைப் பார்த்தேன். சாதாரணமாகக் கர்னல் பல சாதனங்களை ஒரே நேரத்தில் எழுப்பும். பிஎம் ட்ரேஸ் போட்டிருந்தால், எந்தச் சாதனத்தில் நிற்கிறோம் என்று தெரிவதற்காக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுப்பும். அப்படியானால் இது ஒரே நேரத்தில் எழுப்புவதால் வரும் வினை. பிஎம் அசிங்க் என்ற கோப்பில் 0 எழுதினேன், ட்ரேஸ் இல்லாமலே 300 முறை ஒழுங்காக எழுந்தது. அப்புறம் அதைத் திரும்ப 1 ஆக்கிவிட்டு, ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியாக அந்தச் சலுகையைப் பறித்துப் பார்த்ததில் டச்பேடில் வந்து நின்றது. அது எழும் முன் எழுந்திருக்க வேண்டிய இன்னொரு சாதனம் இருக்கிறது. அந்த உறவை ஏசிபிஐ அட்டவணையில் ஒரு வரியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முந்திக்கொள்வது யார் என்பது அன்றைய அதிர்ஷ்டம். இப்போதைக்கு 0 எழுதியபடிதான் வைத்திருக்கிறேன், விழிக்க அரை வினாடி கூடுதலாகிறது.

இதையெல்லாம் மூன்று பக்கம் எழுதி, சோதனை முடிவுகளோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். முன்பே போட்டிருக்கும் இயங்குதளத்தைத் திரும்ப நிறுவிப் பாருங்கள் என்று பதில் வந்தது. ஃபர்ம்வேர் குழுவுக்குப் போய்ச் சேர வழி இருக்கிறதா என்று கேட்டேன். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். நான்கு நாள் கழித்து மதர்போர்டையே மாற்றிக் கொடுத்தார்கள்! புதுப் போர்டில் அதே பயாஸ், அதே பதிப்பு. மூன்று பக்கத்தில் ஒரு பக்கத்தையாவது யாராவது படித்திருந்தால் ஒரு நல்ல போர்டு மிச்சமாகியிருக்கும். சேவைக்கு ஐந்துக்கு ஒன்று கொடுக்கிறேன், அதுவும் அவர்கள் மரியாதையாகப் பேசியதற்காக.

வீட்டுக்கு வந்து திறந்தால், 30ஆவது வினாடியில் தூங்கியது.

கர்னலில் என் பேட்ச், அதாவது நான் அனுப்பிய திருத்தம், இருக்கிறது; அதை நம்பி பூட் வரியில் போட்டதை எடுத்துவிட்டிருந்தேன். பட்டியலில் ஒன்பது வரி இருக்கிறது. என் லேப்டாப்புக்கு மட்டும் அது பொருந்தவில்லை. கணினியின் நிறுவனப் பெயர், மாதிரிப் பெயரைக் காட்டும் டிஎம்ஐடிகோட் கருவியைப் போட்டுப் பார்த்தேன். மாதிரிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடர் இருந்தது. புதுப் போர்டு வெற்றுத் தாளாக வந்திருக்கிறது, பெயரை யாரும் எழுதவில்லை. கர்னல் என்ன செய்யும், பெயர் தெரியாத ஆளை எந்தப் பட்டியலில் தேடும்?

திரும்பவும் சர்வீஸ் சென்டர். "மேடம், லேப்டாப் ஆன் ஆகுதே, அப்புறம் என்ன?" என்றார் அந்த இளைஞர். ஆன் ஆவதில் தகராறு இல்லை தம்பி, அதற்குத் தன் பெயர் மறந்துவிட்டது என்றேன். சிரித்தார். ஆனால் புரிந்துகொண்டார். உள்ளே போய் ஒரு பென் டிரைவ் எடுத்துவந்து, அதிலிருந்து பூட் செய்து, ஏதோ கருவியில் மாதிரிப் பெயரையும் வரிசை எண்ணையும் என் கண் முன்னால் தட்டினார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு மட்டும் தனியாக ஐந்துக்கு ஐந்து.

வீட்டில் வந்து மறுபடி டிஎம்ஐடிகோட் பார்த்தேன். பெயர் இருக்கிறது, அதன் கடைசியில் ஓர் இடைவெளியும் இருக்கிறது. தட்டும்போது ஸ்பேஸ் பட்டனில் விரல் பட்டிருக்கிறது. நான் முதலில் எழுதியிருந்தபடி எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்திருந்தால் என் பேட்ச் என் லேப்டாப்பை இரண்டாவது முறையாகக் கைவிட்டிருக்கும். அந்தச் சொல் உள்ளே இருந்தால் போதுமே என்று கேட்ட மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

லேப்டாப்புக்கு ஐந்துக்கு மூன்றரை. லினக்ஸுக்காக வாங்குவதாக இருந்தால், கடையில் பூட் பென் டிரைவ் ஒன்றைப் போட்டு, மூடித் திறந்து, ஒரு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். அந்த நிமிடத்துக்கு விற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை.

மூடியைத் திறந்தால் இன்னும் விழிக்காது. என் ஒன்பது வரி பாதிப் பொய்யைத்தான் மறைக்கும், மீதி அந்த நிபந்தனைக்குள் இருக்கிறது. நேற்று மகளின் தோழி வீட்டுப்பாடத்துக்காக வந்து லேப்டாப்பைத் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொத்தானை அழுத்தணும், அது சோம்பேறி" என்றாள் மகள். அழுத்தினாள். அப்புறம் இரண்டு பேரும் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள். 31 வந்ததும் கைதட்டினார்கள்.